டர்போவுக்கு ஒரு விசாரணைக் குழு

விலையைச் சொல்வது நம் வேலையில் பாதி. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது மீதிப் பாதி. சர்வீஸ் அட்வைசர் மேசைக்கு நான் வந்த முதல் வாரத்திலேயே எங்கள் வொர்க்ஸ் மேனேஜர் கற்றுக்கொடுத்தது இது. எஸ்டிமேட்டை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வை, மொத்தத் தொகைக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போடு, அப்புறம் பேசாதே. முதலில் வாயைத் திறக்கிறவர்தான் இறங்கி வர வேண்டியிருக்கும் என்பார். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் கோடு போட்டேன். அந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அந்தப் பாடம் எனக்குக் கைகொடுக்காமல் போன ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் சர்வீஸ் சென்டர் ஹைதராபாத் போவன்பள்ளியில், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. அந்த வாரம் வந்த வண்டி தனபால் சாருடையது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பெரிய அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, பக்கத்திலேயே ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிக்கொண்டவர். ஓய்வுப் பணத்தில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி வாங்கியிருந்தார். மனைவி சரோஜாவைக் கூட்டிக்கொண்டு லடாக் போக வேண்டும் என்பது திட்டம். மூன்று வருஷத்தில் வண்டி பக்கத்துக் கோயில் ஊரான யாதகிரிகுட்டாவைத் தாண்டியதில்லை. நான்கு சக்கரத்தையும் ஓட்டும் அந்த லீவரை அவர் ஒரே ஒரு தடவைதான் போட்டார், அதுவும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் மணல் கொட்டியிருந்தபோது.

அந்த வண்டி ஒரு திங்கட்கிழமை காலை விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பின்னால் நீலப் புகை. மேம்பாலம் ஏறும்போது இழுக்கவில்லை என்றார். எங்கள் மெக்கானிக் மஸ்தான் பாய் டர்போவின் வாயைத் திறந்து, உள்ளே இருந்த விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தார். ஆடியது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்தச் சின்ன விசிறி நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். ஒரு மயிரிழை ஆடினாலும் மாற்றத்தான் வேண்டும். டர்போ, குழாய்கள், ஆயில், கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் என்று எஸ்டிமேட் போட்டேன். தாளைத் திருப்பி வைத்தேன். கோடு போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

தனபால் சாரும் வாயை மூடிக்கொண்டார். அரசு அலுவலகக் கூட்டங்களில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவர் என்பதை நான் யோசிக்கவில்லை. நிச்சயம் பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை. இடையில் எனக்கு வந்த போனைக்கூட நான் எடுக்கவில்லை. கடைசியில் அவரே பேசினார்.

“விலை சரிங்க. காரணம் எங்க?”

“டர்போ போயிடுச்சு சார்.”

“அது நடந்ததுங்க. காரணம் இல்லீங்க. எதனால போச்சுன்னு தெரியாம புதுசு மாட்டினா, புதுசும் போகுமுங்க.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எஸ்டிமேட் படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அவரே எழுந்து, “நாளைக்கு வர்றனுங்க. அந்த டர்போவக் கழட்டி ஒரு மேசை மேல வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரோடு மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. தலைவராக வந்தவர் ராவ் சார், அங்கே பெரிய பதவியில் இருந்தவர். மற்ற மூவரும் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட்டார்கள். இன்னொருவர் கையில் பூதக்கண்ணாடி. மூன்றாமவர் குறிப்பு எழுதுகிறவர். கடைசியாகச் சரோஜா அம்மா ஒரு கூடையில் டிபன் டப்பாவும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் ஏதாவது கருவி பழுதானால் காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு அமைப்பார்களாம். அதே குழுவை டர்போவுக்காகத் திரும்பவும் கூட்டியிருந்தார் தனபால் சார்.

வாடிக்கையாளர் ஓய்வறையில் சோபாக்களைச் சுவரோரம் தள்ளினார்கள். டிவியை அணைத்தார்கள். நடுமேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் டர்போவை வைத்து, சுற்றி உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்த எங்கள் வொர்க்ஸ் மேனேஜர், கம்பெனித் தலைமையகத்திலிருந்து ஆடிட் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டீயும் முந்திரி பிஸ்கட்டும் அனுப்பிவிட்டார். ஆடிட் இல்லை என்று அவருக்குத் தெரிவதற்குள் பதினொரு மணிக்கு டீ என்பது அந்தக் கூட்டத்தின் விதிகளில் ஒன்றாகிவிட்டது. சேர்மன் நிகழ்ச்சி நிரலிலேயே அதை எழுதிவிட்டார்.

மற்ற வாடிக்கையாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மெல்ல நெருங்கி வந்தார்கள். மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர், தன் வண்டி மைலேஜ் தரவில்லை என்று அந்தக் குழுவிடம் முறையிட்டார். அவர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. பதினைந்து நாள் நிரப்பிக்கொண்டு வரும்படி ஒரு படிவம் வரைந்து கொடுத்தார்கள். அதில் டிரைவரின் எடை, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. மதியத்துக்குள் மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். என் மேசைக்கு வந்தவர்கள்கூட, “எஸ்டிமேட்ட உள்ள காட்டிட்டு வந்துடறேன் மேடம்” என்று எழுந்து போனார்கள்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அன்று மாலை மஸ்தான் பாய் வரும்வரை.

மஸ்தான் பாய் மெட்டுகுடாவில் ரயில்வே குடியிருப்புத் தமிழர்களோடு வளர்ந்தவர். நானும் அங்கேதான் பிறந்தேன். என்னோடு பேசும்போது பாதி தமிழ், பாதி ஹைதராபாத் இந்தி. என் மேசைக்கு வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை விரித்தார்.

“ஏ தேகோ மேடம். டர்போ தாண்டி, கூலருக்குப் போற ஓஸ் பைப்ல கெடந்துச்சு.”

ஒரு வாஷர். சட்டைப் பித்தான் அளவு. ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பில் கடித்த மாதிரி இருந்தது.

“அன்னைக்குக் காணாமப் போச்சே, வஹிச்” என்றார். அதேதான் என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே வண்டி சாதாரண சர்வீஸுக்கு வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தருவதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மஸ்தான் பாய் வந்து, “மேடம், ஒரு வாஷர் காணோம். ஏர் ஃபில்டர் பெட்டிய இன்னொரு வாட்டி கழட்டிப் பாக்கறேன், பத்து நிமிஷம் குடுங்க” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனபால் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “நக்கோ பாய், தரையில எங்கயாவது விழுந்திருக்கும். ஸ்டோர்ல வேற வாங்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது நான்தான். தரையில் விழவில்லை. பெட்டிக்குள் விழுந்து, காற்றோடு போய், சுற்றுகிற விசிறியில் மோதியிருக்கிறது.

வாஷரை எடுத்துக்கொண்டு வொர்க்ஸ் மேனேஜரிடம் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. குழு எந்த முடிவுக்கு வரும் என்று தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்படியானால் பொறு, நமக்குச் சாதகமாகவும் வரலாம், இது தரையில் கிடந்த வாஷர், அவ்வளவுதான் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்.

நான் பொறுத்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் மகள் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். நமக்கு மேலே இருப்பவர் சும்மா இரு என்று சொன்னதும் ஒரு நிம்மதிகூட வந்தது. வாஷரைச் சில்லறைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன். கண்டக்டர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, “இதி செல்லதம்மா” என்றார். செல்லாதாம். மறுநாள் முழுக்க அந்தப் பை மேசை டிராயரில் இருந்தது. நான் அந்த டிராயரைத் திறக்கவில்லை. பேனா தேவைப்பட்டபோது பக்கத்து மேசையில் கடன் வாங்கினேன்.

வியாழக்கிழமை அறிக்கை தயாராகிவிட்டது. இருபத்திரண்டு பக்கம், ஸ்பைரல் பைண்டிங். வொர்க்ஸ் மேனேஜர், நான், சில வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஓய்வறையில் கூடினோம். சேர்மன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தார். அவர்கள் முறைப்படி ஒரு பழுதுக்கு ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்குக் கிடைக்கும் பதில்தான் மூலகாரணம்.

டர்போ ஏன் போனது? பேரிங், அதாவது தாங்கி, தேய்ந்ததால். தாங்கி ஏன் தேய்ந்தது? ஆயில் கருகியதால். ஆயில் ஏன் கருகியது? சூடாக இருக்கும்போதே என்ஜினை அணைத்ததால். ஏன் அணைத்தார்? வீட்டு வாசலில் நிறுத்தியதும் அணைக்கச் சொல்லிக் கை காட்டியதால். ஏன் கை காட்டப்பட்டது? மாடிப்படியில் காய்கிற துணியில் புகை படிகிறது என்று திருமதி சரோஜா கருதியதால்.

விசிறியின் இறக்கைகளில் இருந்த கடித்த தடங்களைப் பூதக்கண்ணாடிக்காரர் கவனிக்காமல் இல்லை. தேய்ந்த தாங்கியிலிருந்து தெறித்த துண்டுகள் என்று பின்னிணைப்பில் அதற்கும் ஒரு விளக்கம் எழுதியிருந்தார். முடிவுரையில் இரண்டு பரிந்துரைகள். டர்போ மாற்றும் செலவு முழுவதும் வண்டி உரிமையாளரைச் சேரும். என்ஜினை அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் காத்திருப்பது பற்றித் திருமதி சரோஜாவுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.

வொர்க்ஸ் மேனேஜர் கைதட்டினார். தக்காளி வியாபாரியும் கைதட்டினார்.

மூலையில் பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சரோஜா அம்மா கணவரைப் பார்த்தார். “நானா?”

“மூலகாரணம் அப்படித்தான் வருது சரோஜா. தப்பா எடுத்துக்காத” என்றார் தனபால் சார். முகம் வாடியிருந்தது. ஆனாலும், “டேட்டான்னா டேட்டாதானுங்க. லடாக்க அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று சேர்மனிடம் சொல்லிவிட்டுச் செக் புத்தகத்தை எடுத்தார்.

சரோஜா அம்மா மூடியைப் பிளாஸ்க்கில் வைத்துத் திருகினார். முழுக்கத் திருகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய் டிராயரைத் திறந்து, வாஷரைக் கொண்டுவந்து அறிக்கையின் அட்டைமேல் வைத்தேன்.

“சார், காரணம் இது. எங்க தப்பு. அதாவது, என் தப்பு.”

சேர்மன் வாஷரைப் பார்த்தார். “சாம்பிள் நம்பர் ஏதம்மா?”

“நம்பர் இல்ல சார். செவ்வாய்க்கிழமை ஓஸ்ல கிடைச்சுது.”

“சாட்சியம் எல்லாம் நேத்து நாலு மணியோட க்ளோஸ். ரிப்போர்ட் சைன் அயிப்போயிந்தி.” கையெழுத்தாகிவிட்டது என்று என்னிடம் காட்டினார். நான்கு கையெழுத்து இருந்தது.

பூதக்கண்ணாடிக்காரர் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொருள் அங்கே கிடந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்றார். வொர்க்ஸ் மேனேஜர் பாய்ந்து வந்து, ரிப்போர்ட் அற்புதமாக இருக்கிறது, இப்படி ஒரு ஆய்வைக் கம்பெனியே செய்ததில்லை, மேடத்துக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை என்றார். எல்லோரையும்விடத் தனபால் சார்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மேடம், எங்க மேல இருக்கற மரியாதைல பழிய நீங்க ஏத்துக்கப் பாக்கறீங்க. வேண்டாமுங்க. எங்க தப்புக்கு நாங்க கட்டிக்கறோம்.”

“உங்க தப்பு இல்ல சார்.”

“அத நீங்க முடிவு பண்ண முடியாதுங்க.”

நான் குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். மஸ்தான் பாய் பத்து நிமிஷம் கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொன்னேன். அதற்கு எழுத்து மூலமாக ஆதாரம் உண்டா என்று சேர்மன் கேட்டார். இல்லை. கூப்பிடாமலேயே மஸ்தான் பாய் உள்ளே வந்தார். வாஷரை எடுத்து, அதன் நசுங்கிய விளிம்பை இறக்கையில் இருந்த தடத்தில் வைத்துக் காட்டினார். சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தது. பூதக்கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “பொருந்துது. ஆனா பொருந்தறது வேற, நிரூபணம் வேற” என்றார்.

இருபது நிமிஷம் இப்படிப் போனது. நான் குற்றவாளி என்று நான் வாதாடுகிறேன். பணம் கட்ட வேண்டியவர்கள் நான் நிரபராதி என்கிறார்கள். எங்கள் மேனேஜர் அவர்கள் பக்கம் நிற்கிறார். தக்காளி வியாபாரி, தன் படிவத்தை எப்போது பார்ப்பார்கள் என்று நடுவில் கேட்டார்.

“சத்தம் கேட்டுச்சுங்க” என்றார் சரோஜா அம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

“சர்வீஸ் முடிச்சு வீட்டுக்குப் போனமே, அன்னைக்கு. திருமலகிரி தாண்டி வண்டி வேகம் எடுத்தப்ப, மிக்ஸிக்குள்ள ஸ்பூன் விழுந்தாப்ல ஒரு சத்தம். அப்பறம் இல்ல. அன்னைல இருந்துதான் இந்த விசில்.”

சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இத ஏன்ம்மா முன்னாடியே சொல்லல?”

“இவருகிட்ட அப்பவே சொன்னனுங்க. ரேடியோல வர்ற சத்தம்னாரு. இங்க மூணு நாளா உக்காந்திருக்கறேன். டீ வேணுமான்னுதான் கேட்டீங்க.”

தனபால் சார் செக் புத்தகத்தை மூடினார். “ஆமாங்க” என்றார் மெதுவாக. “ரேடியோன்னுதான் சொன்னேன். ரேடியோ அப்ப போடவே இல்ல.”

குறிப்பு எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, அம்மாவின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். சரோஜா அம்மா அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அதுக்கு முன்னால எம்பேர அடிங்க. பதினோரு எடத்துல வருது. எண்ணிட்டேன்.”

அடித்தார்கள். பதினொரு இடத்திலும் அடித்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் நான்கு பேரும் சுருக்கொப்பம் போட்டார்கள். விதி அப்படியாம். பத்தொன்பதாம் பக்கத்தில் பயிற்சி பற்றிய வரி அடிபடாமல் தப்பியிருந்தது. அதை அந்த அம்மாவே விரல் வைத்துக் காட்டினார். மதியச் சாப்பாடு தள்ளிப் போனது. அதற்குள் வொர்க்ஸ் மேனேஜர் வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டு வந்து, டர்போவை சர்வீஸ் சென்டர் செலவிலேயே மாற்றித் தருவதாக அறிவித்தார். திருத்திய அறிக்கை கம்பெனிக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கேட்கும் மெக்கானிக்குக் கொடுங்கள். வெளியே நிற்கும் ஆள் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். பழுதைப் பற்றிக் கேட்கும்போது ஓட்டியவரை மட்டும் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரையும் கேளுங்கள். உங்களுக்கு வசதியான காரணத்தை வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுத்தால் அன்றைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தப்பை ஒப்புக்கொண்டால் உடனே நம்பிவிடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். ஒப்புக்கொள்வதற்கும் ஆதாரம் தேவைப்படுகிறது. மஸ்தான் பாய் அந்த வாஷரைச் சாக்கடையில் எறிந்திருந்தால், நான் எத்தனை கத்தியிருந்தாலும் அந்த நான்கு பேரும் என்னை விடுதலை செய்து அனுப்பியிருப்பார்கள்.

டர்போ வந்து, மாட்டி, அடுத்த வாரம் வண்டி போனது. குழுவைச் சனிக்கிழமைகளில் தொடர்ந்து கூட்டலாமா என்று தனபால் சார் கேட்டார். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். தக்காளி வியாபாரி தன் கடையில் இடம் கொடுத்தார். கொஞ்ச காலம் அங்கே நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு மெமோ வந்தது. வாஷரைப் பற்றித்தான் இருக்கும் என்று பிரித்தேன். அதில் வாஷர் இல்லை. இலவசமாக மாற்றிக் கொடுத்ததை நல்லெண்ணச் சலுகை என்று கணக்கில் எழுதியிருந்தார்கள். அதனால் காணாமல் போன வாஷர் என்று ஒன்று எங்கள் பதிவுகளில் எங்கேயும் இல்லை. இல்லாத வாஷருக்காக மெமோ கொடுக்க முடியாது. ஆனால் முதலாளி யாருக்காவது கொடுக்கச் சொல்லியிருக்கிறார். குற்றச்சாட்டு இப்படி இருந்தது: வாடிக்கையாளர்கள் தெளிவாகத் தெரிவித்த கருத்தை மதிக்காமல், மற்றவர்கள் முன்னிலையில் அவர்களை எதிர்த்து வாதாடியது.

மஸ்தான் பாய் எண்ணெய்க் கையோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“அதுல என்ன எழுதியிருக்கு மேடம்? என் பேரு இருக்கா?”

“இல்ல பாய். கஸ்டமரை எதிர்த்துப் பேசினேனாம்.”

அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். “ஹவ், ஆமா மேடம். பேசினீங்கதானே?” என்றார்.

பதில் எழுதும் கட்டத்தில் நான் அதையே எழுதினேன். ஆம், பேசினேன்.